மாட்டாமலே ஓடிய டிஸ்க்

எனக்குக் கதை கட்டத் தெரியாது. நாற்பத்து மூன்று வயதில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றேன். இல்லாததை இருப்பதாக எழுதும் அளவுக்கு இன்னும் கை பழகவில்லை. நடந்ததை, நடந்த மணியோடு எழுதுகிறேன். நம்பாதவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்து விற்கும் கிடங்கில் நான் மூட்டை தூக்குகிறவன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு என் மகளுக்கு வேலைக்கான தேர்வு. வீட்டில் உட்கார்ந்தே எழுதலாம், ஆனால் லேப்டாப்பில்தான் எழுத வேண்டும். வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. இதை விட்டால் அவளுக்கு இன்னொரு வாய்ப்பு இல்லை. அன்றைக்கென்று பார்த்து லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க் மண்டையைப் போட்டது.

"டிஸ்க் மட்டும் கொண்டு வாப்பா. மத்ததை நான் ஏத்திக்கறேன்" என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். கம்பெனி பெயர், இரண்டரை அங்குலம், 160 ஜிபி. அவ்வளவுதான்.

கிடங்கில் டிஸ்க் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு லேபிளாக விரல் வைத்துப் படித்தேன். கடைசியில் ஒன்று கிடைத்தது. எழுத்துக்கு எழுத்து சரி, எண்ணுக்கு எண் சரி. எங்கள் மெக்கானிக்கை எல்லோரும் திருப்புளி என்றுதான் கூப்பிடுவோம். அவன் தூரத்திலிருந்தே கிண்டல் செய்தான்.

"என்னண்ணே, லேபிளெல்லாம் படிக்கிறீங்க? என் பொழப்புல மண்ணப் போட்டுருவீங்க போல."

"நீ ஒழுங்கா வேலையைப் பாரு. நான் எதுக்கு மண்ணு போடப் போறேன்?"

சிரித்துக்கொண்டே எடுத்து வந்தேன்.

இரவு 9:20. மகள் செத்த டிஸ்க்கைக் கழற்றி வைத்திருந்தாள். நான் கொடுத்ததை ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

"அப்பா... இதுக்கு ஊசி ஊசியா இருக்கு. நம்ம லேப்டாப்புக்குத் தட்டையா ரெண்டு பட்டை வரணும். இதை எங்கப்பா மாட்டறது?"

அதே கம்பெனி. அதே அளவு. அதே 160. மாட்டுகிற வாய் மட்டும் வேறு. எழுத்துத் தெரியாத காலத்தில் வாயைப் பார்த்துத்தான் எந்தச் சாமானையும் பிரித்துப் போடுவேன். ஒரு நாளும் தப்பியதில்லை. படிக்கத் தெரிந்ததும் காகிதத்தை நம்பிவிட்டேன்.

"விடுப்பா. நீ என்ன வேணும்னேவா செஞ்ச?" என்றாள். 12:40க்கு அழுத முகத்தோடு தூங்கிப்போனாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தேன். உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி எழுந்தேன். அந்த ஊசிகளைப் பட்டையில் வைத்து ஒரு தடவை அழுத்திக்கூடப் பார்த்தேன். ஓர் ஊசி வளைந்தது. டிஸ்க்கை மேசையிலேயே வைத்துவிட்டேன். லேப்டாப்பில் வயர் இல்லை. பேட்டரி தனியாக நாற்காலியில் கிடந்தது.

மணி 1:52.

கிர்ர்ர்ர்...

எலி என்று நினைத்தேன். மேசைக்கு அடியில் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

கிர்ர்ர்ர்... டக்.

டிஸ்க்கில் கை வைத்தேன். சுடுகிறது. உள்ளே ஏதோ சுற்றுகிறது. எதிலும் மாட்டாமல்.

கவிழ்த்து வைத்த லேப்டாப்பின் இடுக்கில் வெளிச்சம்...

திருப்பினேன். நீலத் திரை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். க... ட... வு... ச்... சொல்.

கீழே ஒரு கட்டம். அதில் ஒரு புள்ளி விழுந்தது.

நான் எதையும் தொடவில்லை.

இரண்டாவது புள்ளி. மூன்றாவது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பொத்தான் தானாக அமுங்கி எழுந்தது. யாரோ நிதானமாக, ஒற்றை விரலால்...

ஏழு புள்ளிகள்.

திறந்துகொண்டது.

"யாரு?" என்றேன்.

சுற்றல் நின்றது.

டக்.

ஓடியிருக்க வேண்டும். ஆனால் மகள் பக்கத்தில் தூங்குகிறாள். கையெடுத்துக் கும்பிட்டேன். "காலைல பாப்பாவுக்குப் பரீட்சை. முடியற வரைக்கும்... இருங்க."

டக்.

லேப்டாப்பின் அடியில் டிஸ்க் இல்லாமல் காலியாக இருந்த குழியின் மேல் மூடியைப் போட்டு, திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினேன். எட்டில் ஒன்று கைநழுவி எங்கோ உருண்டது. டிஸ்க்கைத் துண்டில் சுற்றி அலமாரிக்குள் தள்ளினேன்.

காலை 7:00.

"அப்பா! ஓடுது! எப்படிப்பா?"

"ராத்திரியே கிடங்குக்குப் போய் வேற எடுத்துட்டு வந்தேன்."

அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

தேர்வறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. லேப்டாப்பின் கேமரா பத்து நிமிடத்துக்கு ஒரு படம் தானாக எடுக்கும். நான் கதவுக்கு வெளியே நின்றேன். மூன்று மணி நேரமும் நின்றேன். 12:00க்கு மகள் சிரித்துக்கொண்டே வந்தாள். அப்போதே திரை அணைந்துவிட்டது. அலமாரியைத் திறந்து தொட்டுப் பார்த்தேன். டிஸ்க் பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. தேர்வு ரத்து. காரணம்: அறையில் இன்னொரு நபர். பதினெட்டுப் படங்களை அனுப்பியிருந்தார்கள்.

"நீ உள்ள வந்தியாப்பா?"

"இல்ல கண்ணு."

முதல் படத்தில் அவள் மட்டும். நான்காவதில் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு தோள். பத்தாவதில் அவள் காதருகே குனிந்த தலை. முகம் தெரியவில்லை.

கடைசிப் படம் 11:58. மகள் மேசையில் எழுதிக்கொண்டிருக்கிறாள். அவன் கதவருகே நிற்கிறான். கை தாழ்ப்பாளில்.

அந்த நிமிடம் எனக்கு நினைவிருக்கிறது. உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. மகள் முடித்துவிட்டாள் என்று நினைத்து நான்தான் கதவைத் திறந்தேன். ஒதுங்கி வழியும் விட்டேன்.

யாரும் வெளியே வரவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.