வெறுஞ்சாக்கின் எடை

நமுனுகுலப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் நான் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். அதன் முற்றத்தில்தான் அந்த யாழ்ப்பாணத்து அதிகாரி, காற்றை அளக்கும் பெட்டியை வைத்தார். ஒல்லியான பெண். கண்ணாடி மூக்கில் நிற்காது. மதியம், வானத்திலிருந்து காற்றை அளக்கும் செய்மதி மலைக்கு மேலே கடக்கும் நேரத்தில், தூறினாலும் குடையை மடக்கிவிட்டு அண்ணாந்து பார்ப்பார். மேகம் மூடினால் செய்மதிக்குக் கீழே எதுவும் தெரியாதாம். நாள்தோறும் மேகம். திரும்பி வரச்சொல்லிப் பதுளை அலுவலகத்திலிருந்து போன் வந்துகொண்டேயிருந்தது.

"அதான் மேல இருந்தே பாக்குதே, இந்தப் பெட்டி எதுக்குங்க மிஸ்?" என்று கேட்டேன்.

"ஓசோன் உயரத்தில இருந்தா வெயில்ல இருந்து எங்களைக் காக்கும். நிலத்தோட இருந்தா நெஞ்சைக் கெடுக்கும். செய்மதிக்கு ரெண்டும் சேர்ந்துதான் தெரியும். பிரிச்சு அறிய இங்கயும் அளக்க வேணும், அக்கா."

"கொழுந்த சாக்கோட நிறுத்துட்டு, சாக்குக்குக் கழிக்கிற மாதிரிங்களா? எங்களுக்குக் குத்துமதிப்பாத்தான் கழிப்பாங்க."

அவர் சிரிக்கவில்லை. "நான் அப்பிடிக் கழிக்க மாட்டன். இந்தப் பிள்ளையள் இழுக்கிற காத்து இது." மறுபடி போன் அடித்தது. "வானம் வெளிக்குமட்டும் நிக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஒருநாள் வெளித்தது, அளந்துகொண்டு போனார். குடை செய்மதியை மறைக்காது என்பது அவருக்கா தெரியாது? ஏன் மடக்கினார் என்று இன்றும் யோசிக்கிறேன்.

அவர் சொன்னதைப் கொழுந்து பறிக்கும் பிள்ளைகளின் தாய்மாரிடம் சொன்னேன். மறுநாள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அவர்கள் வெறுஞ்சாக்கை முதலில் தராசில் வைத்தார்கள்.

"இத நிறுத்துட்டுக் கழிங்க."