உப்பில்லாத குழம்பை மெச்சிய ஞாயிறு

செராய் உகாண்டாவின் கம்பாலாவுக்கு வந்து ஏழு வருடம் நான்கு மாதம் ஆகியிருந்தது. எரித்ரியாவில் படையை விட்டு ஓடி எல்லை தாண்டியவன். திரும்பிப் போனால் சிறைதான். நகரின் கன்சாங்கா பகுதியில் டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்தான். ஊரில் அவனுக்கென்று இருந்தது அம்மா ஒருத்திதான்.

ஞாயிறுதோறும் மதியம் ஒரு மணிக்கு நண்பர்கள் யாராவது ஒருவர் வீட்டில் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். 2019 ஜூன் 16 அன்று செராயின் முறை. ஆட்டுக்கறியை நிறைய மிளகாய்த்தூள் போட்டு இரண்டரை மணி நேரம் வேகவைத்தான்.

டாக்சி ஓட்டும் கிர்மாய் இரண்டு மணிக்கு முன்னால் வந்ததாகச் சரித்திரமே இல்லை. அன்று பன்னிரண்டே முக்காலுக்கு வந்து நின்றான். கூடவே லெதெப்ரஹான். புளித்த மாவில் இஞ்சேரா ரொட்டி சுட்டு விற்கிறவள்; வாய்க்காரி.

“என்னடா, சூரியன் மேற்கே உதிச்சிருச்சா?” என்றான் செராய்.

“பசிடா. வந்தவன உக்காருன்னு சொல்றத விட்டுட்டு விசாரணை பண்றான் பாரு” என்றான் கிர்மாய்.

மூவரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முதல் வாயிலேயே செராய்க்குத் தெரிந்துவிட்டது, குழம்பில் உப்புப் போட மறந்திருக்கிறான். லெதெப்ரஹானைப் பார்த்தான். ‘இத வச்சு டயர் ஒட்டுடா’ என்று அவன் சமையலை நான்கு வருடமாகப் பழித்தவள் அவள்.

“குழம்பு எப்படிக்கா?”

“நல்லா இருக்கு தம்பி. நீ சாப்பிடு.”

செராயின் கை ஒரு கணம் நின்றது.

வெளிநாட்டில் இருப்பவனுக்குச் சாவுச் செய்தியை எரித்ரியர்கள் போனில் சொல்லமாட்டார்கள். நண்பர்களிடம் சொல்லிவிடுவார்கள். கேட்டபின் அவனுக்குச் சோறு இறங்காது என்பதால், நண்பர்கள் போய் முதலில் வயிறாரச் சாப்பிட வைத்து, அப்புறம்தான் சொல்வார்கள். போன வருடம் நண்பன் வெல்துவின் அப்பா இறந்தபோது, இதே கிர்மாயோடு போய் வெல்துவைச் சிரிக்க வைத்துச் சாப்பிட வைத்தவன் செராய்.

சாப்பாடு முடிந்தால் சொல்லிவிடுவார்கள். முடியாதவரை அம்மா இருக்கிறாள்.

“இன்னொண்ணு போடுக்கா.”

மூன்றாவது இஞ்சேரா. பிறகு நான்காவது. ருசியும் தெரியவில்லை, வயிறு நிறைந்ததும் தெரியவில்லை. யாருடைய வாயோ மெல்வதுபோல் இருந்தது.

“எங்களுக்கும் கொஞ்சம் விடுடா, தின்னிப்பண்டாரம்” என்றான் கிர்மாய். சொன்னவனுக்கே சிரிப்பு வரவில்லை. ஒரு கவளம் உருட்டி, வழக்கம்போல செராயின் வாயில் ஊட்டினான்.

செராய் சட்டியைச் சாய்த்துப் பார்த்தான். அடி தெரிந்தது. எழுந்து போய்க் கை கழுவி, ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு வந்தான்.

“சொல்லு.”

கிர்மாய் தலையைக் குனிந்துகொண்டான். லெதெப்ரஹான்தான் சொன்னாள்.

“அம்மா போயிட்டாங்கடா. வியாழக்கிழமை காலைல. தூக்கத்துலயே.”

அவன் அழவில்லை. வியாழக்கிழமை காலை என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தான். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

கிர்மாய் போய்க் கதவைத் திறந்தான். சந்தில் வெல்துவும் இன்னும் பதினான்கு பேரும் வெள்ளைத் துணி போர்த்துக்கொண்டு, சத்தம் போடாமல் நின்றிருந்தார்கள். பெண்கள் அவனைக் கண்டதும் ஓவென்று குரலெடுத்தார்கள்.

செராய் அவர்களையும் அறையையும் மாறி மாறிப் பார்த்தான்.

“நாலு நாற்காலிதானே இருக்கு” என்றான்.