அசையாமல் உட்கார்ந்த ஒரு நாள்

என் மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது வாரத்துக்கு ஒரு முறையாவது பள்ளியிலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள். "ஒரு எடத்துல ஒக்கார மாட்டேங்குதுங்க. எழுதிகினே இருக்கும், திடீர்னு எழுந்து ஜன்னலாண்ட போயி நிக்குது" என்பார் ஆசிரியை. வீட்டுப்பாடம் ஒரு பக்கம் எழுத இரண்டு மணி நேரம் ஆகும். நான் ஸ்கேலோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அதாலேயே அடித்திருக்கிறேன். பல முறை.

பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்திருந்த நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு, "முருகனுக்கு முடி குடுக்கறேன்னு வேண்டிக்கோ, அடங்கிடுவா" என்றார். மகளுக்கு இடுப்புவரை முடி. இரட்டைச் சடை போட்டுவிட்டால் கண்ணாடியை விட்டு நகரமாட்டாள். வேண்டாம் என்று அழுதவளை நான்தான் சம்மதிக்க வைத்தேன். "முடி குடுத்தா சாமி உன்ன நல்ல பொண்ணா ஆக்கிடுவாரு."

முருகன் கோயில் மலைமேல், மொட்டை அடிப்பவர் முன்னால் அவளை உட்கார வைத்தோம். "ஆடாத பாப்பா, கத்தி பட்டுடும்" என்றார் அவர். அவள் ஆடவில்லை. தொடையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். தலையில் தெளித்த தண்ணீர் கண்ணுக்குள் வழிந்தபோதும் துடைக்கவில்லை. பிறகு குளிப்பாட்டும்போது பார்த்தேன், தொடையில் நகம் பதிந்த தடங்கள்.

படி இறங்கும்போது கேட்டாள்: "நான் ஆடவே இல்லல்லம்மா? நல்லவளா ஆயிட்டனா?"

"ஆங்" என்றேன்.

திங்கட்கிழமை வகுப்பில் அவள் மறுபடியும் எழுந்து நின்றாள். பிள்ளைகள் மொட்டைத் தலையைப் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல், "சாமிக்கு என் முடி புடிக்கலியாம்மா?" என்றாள். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

சென்னையில் ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்ட எங்களுக்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது. "உனக்கு என்னடா கஷ்டம்?" என்று அவர் அவளையே கேட்டார். "நான் கெட்ட பொண்ணு டாக்டர்" என்றாள், பெயர் சொல்வதுபோல் சாதாரணமாக.

அவளுக்கு இருப்பது ஏடிஹெச்டி என்றார் மருத்துவர். கவனத்தை ஒன்றில் நிறுத்துவதும், உடம்பை அடக்கி உட்காருவதும் அவளுக்கு மற்றப் பிள்ளைகளைவிடப் பல மடங்கு கடினம். அது திமிரும் இல்லை, வளர்ப்பின் குறையும் இல்லை. "இத்தன நாளா அவ முயற்சி பண்ணிகிட்டேதாம்மா இருந்திருக்கா" என்றார். எனக்கு நகம் பதிந்த அந்தத் தொடைதான் கண்முன் வந்தது.

மருந்தும் பயிற்சியும் தொடங்கின. ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்வேன். பத்து நிமிடம் எழுதினால் எழுந்து ஓடிவிட்டு வரலாம். ஆசிரியை அவளை முன்வரிசைக்கு மாற்றி, நோட்டுகளைக் கொடுத்து வாங்கும் வேலையைத் தந்தார். மெல்ல மெல்லப் படிப்பு ஏறியது.

இப்போது எட்டாம் வகுப்பு. போன மாதம் தண்ணீர் பாட்டிலைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தாள். "போனா போவுது, வா, சாப்புடு" என்றேன். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு என் கைகளைப் பார்த்தாள். இரண்டும் காலியாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் செருப்பைக் கழற்றினாள்.