கேதீஸ்வரி டீச்சர் ‘வாறன்’ என்று சொன்னது

கரடியனாற்றுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆறு வருடம் விளையாட்டு டீச்சராக இருந்தவர் கேதீஸ்வரி. வீடு டவுனில், புளியந்தீவில். விடிந்தும் விடியாததுமாக ஸ்கூட்டியை எடுத்தால், புழுதி குடித்துப் போய்ச் சேர ஒரு மணித்தியாலம் ஆகும். வாய் கொஞ்சம் நீளம். அதிபராக இருந்தாலும் சரி, மேலிடத்திலிருந்து வந்தவராக இருந்தாலும் சரி, மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவார். அதனால் அவருக்கு ஆகாதவர்கள் நிறையப் பேர். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதும் இல்லை.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் யதுர்ஷிகா வந்தாள். ஒன்பது வயது, ஓட்டிசம் உள்ள பிள்ளை. விசில் ஊதினால் காதைப் பொத்திக்கொண்டு மண்ணில் குப்புறப் படுத்துவிடுவாள். யாராவது தொட்டால் அலறுவாள். விளையாட்டுப் பாடத்துக்கு அவளை வகுப்பிலேயே இருத்திவிடுங்கள், ஏன் வீண் கரைச்சல் என்றார்கள் மற்ற ஆசிரியர்கள். நல்ல புத்திமதிதான், காலம் முழுக்கப் பிள்ளை கதிரையிலேயே இருக்கட்டும்! டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அவவும் இந்தப் பள்ளிக்கூடத்துப் புள்ளதானே. மைதானத்தில அவவுக்கும் பங்கிரிக்கி,” என்று சொல்லி யதுவை வெளியே கூட்டிவந்தார்.

முதல் நாள் “ஓடு” என்றார். யது ஓடினாள். முடிவுக் கோட்டைத் தாண்டினாள், வேலி பிரிந்திருந்த பொட்டுக்குள்ளால் புகுந்தாள், பின்னால் கிடந்த வயல் வட்டைக்குள் இறங்கி, வரம்பு வரம்பாக ஓடிக்கொண்டே இருந்தாள். டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துரத்தினார். மூச்சு வாங்க மறித்து நின்றபோது யது அமைதியாகச் சொன்னாள்: “நிக்கச் சொல்லல்ல.”

சொன்ன சொல் சொன்னபடிதான் அந்தப் பிள்ளைக்கு. டீச்சருக்கு அன்றைக்கு அது விளங்கியது. அதன்பிறகு சொல்லை அளந்துதான் பேசினார். “வெள்ளைக் கோடு வரைக்கும் ஓடு. கோட்டில நில்லு.” விசிலை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, அதற்குப் பதிலாக ஆட்டிக் காட்ட ஒரு பச்சைத் துணியை எடுத்தார். யது நிற்கச் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டார். என்ன நடக்கப்போகிறது என்பதை முதலே படம் கீறிக் காட்டினார். அஞ்சல் ஓட்டத்தில் கோலைக் கையில் கொடுத்தால் தொட்டுவிடுவார்களே? கோலை நிலத்தில் வைக்க வேண்டும், அடுத்தவர் எடுத்து ஓட வேண்டும் என்று சட்டத்தையே மாற்றினார். யதுவுக்கு மட்டுமல்ல, எல்லா அணிக்கும் அதே சட்டம். பிள்ளைகள் இரண்டு நாளில் பழகிவிட்டார்கள். பெரியவர்களுக்குத்தான் ஒரு தவணை, மூன்று மாதம், பிடித்தது.

அந்த வருடம் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டியில் யது ஓடினாள். மூன்றாவதாக வந்தாள். தாய் பிரஷாந்தி கைதட்டாமல், சத்தம் போடாமல், இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்டிக்கொண்டு அழுதாள்.

பிறகு இடமாற்றம் வந்தது. கஷ்டப் பிரதேசச் சேவை முடிந்து டவுன் பள்ளிக்கூடம். யதுவைக் காணும் முன்னமே கேட்டு எழுதிப் போட்ட கடிதம், இப்போதுதான் பலித்தது. வேண்டாம் என்று அலுவலகப் படி ஏறி இறங்கினார். கேட்டதைத் தந்தால் வேண்டாம் என்கிறீர்களே என்று சிரித்தார்கள். ஒன்றும் சரிவரவில்லை.

சரி, பிள்ளையையாவது ஒழுங்காகத் தயார்படுத்துவோம் என்று இரண்டு கிழமை பாடுபட்டார். டீச்சர் வேறு பள்ளிக்கூடத்தில் நிற்கும் படம். பச்சைத் துணியோடு புது ஆசிரியர் உதயரூபன் நிற்கும் படம். “இனி நான் வரமாட்டன். உதயரூபன் சேர் வருவார்.” யது தலையாட்டினாள். எல்லாம் சரியாகத்தான் போனது.

கடைசி நாள் பள்ளிக்கூடமே வாசலில் நின்று அழுதது. டீச்சர் ஸ்கூட்டியில் ஏறினார். பக்கத்தில் யது. நாக்கில் சனி இருந்திருக்க வேண்டும்.

“சரி மகள், போயிற்று வாறன்.”

வேறு என்ன சொல்வது? ‘போறன்’ என்று நம்மில் யார் சொல்கிறோம்? ஒரேயடியாகப் போகிறவர்கள்கூடச் சொல்லாத சொல் அது. பிறந்ததிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு, இரண்டு கிழமைப் பாட்டை ஒரு நொடியில் அழித்துவிட்டது. ஆற்றுப் பாலம் தாண்டும்வரை டீச்சருக்கு அது உறைக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை விளையாட்டுப் பாடம். உதயரூபன் டீச்சருக்குத் தொலைபேசி எடுத்தான். நல்ல பொடியன், விசிலைத் தொடவே இல்லை. “மிஸ், யது வட்டத்தில நிக்கிறா. ஓடுறா இல்ல. கேட்டா, ‘டீச்சர் வாறன் எண்டவ’ எண்டு வாசல் கேட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறா.”

அடுத்த செவ்வாயும் அதே கதை. டீச்சர் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போனார். யது ஓடினாள், துள்ளினாள். வந்த காரியம் நடந்துவிட்டது என்று டீச்சர் நினைத்தார். உண்மையில் ‘வாறன்’ என்றால் வருவார் என்பது பிள்ளைக்கு உறுதியாகிவிட்டது, அவ்வளவுதான். அதற்கடுத்த செவ்வாய் பாடம் முடிந்தும் வகுப்புக்குப் போகாமல் வெயிலில் நின்று, மயங்கி விழுந்தாள்.

பிரஷாந்தி தொலைபேசி எடுத்தாள். “டீச்சர், நான் சொன்னாக் கேக்கிறாள் இல்ல. நீங்களே ஒருக்காச் சொல்லுங்க.”

டவுன் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு கேதீஸ்வரி டீச்சர் நின்றார். யாருக்கும் பயப்படாத வாய். சொல்லாவிட்டால் பிள்ளை வெயிலில் விழும்.

“யது. நான் வரமாட்டன்.”

“நாளைக்கு?”

“நாளைக்கும் வரமாட்டன். இனி வரமாட்டன்.”

“சரி,” என்றது பிள்ளை.

இரண்டு கிழமை கழித்து பிரஷாந்தி மறுபடி எடுத்தாள். குரலில் நிம்மதி தெரிந்தது.

“இப்ப ஒரு கரைச்சலும் இல்ல டீச்சர். செவ்வாய்க்கிழமை விளையாட்டுச் சப்பாத்துப் போட மாட்டாளாம். சேர் வந்து கூப்பிட்டுப் பாத்தவர், ‘டீச்சர் வரமாட்டா’ எண்டு சொல்லிற்றாள். விளையாட்டு நேரம் வகுப்பிலயே கதிரையில இரிக்கிறாள். இப்பதான் நல்ல புள்ளயா இரிக்கிறாள் எண்டு எல்லாரும் சொல்றாங்க.”