சிமெண்டை நனையவிட்ட விசாரணை

தாராவியில் எங்கள் சந்தில் சாக்கடை வேலை நடக்கிறது. பொருளெல்லாம் வீணாகிறது என்று நாங்கள் கொடுத்த புகாரை விசாரிக்க இன்று காலை ஓர் அதிகாரி வந்தார்.

அவர் காரை விட்டு இறங்கவும் மழை பிடித்துக்கொண்டது.

சூப்பர்வைசர் ஓடினார். சிமெண்ட் மூட்டைகளை மூடியிருந்த நீலத் தாட்பத்ரிப் படுதாவை உருவினார். நாலு ஆட்களை நாலு மூலையில் பிடிக்கச் சொல்லி, அதிகாரிக்குப் பந்தல் போட்டுவிட்டார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. மழைக்காலத்துக்கு முன்னால் கூரைக்குத் தாட்பத்ரி கட்டாத வீடு எங்கள் சந்தில் கிடையாது. எதை நனையவிடக் கூடாது என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.

"அண்ணாச்சி, சிமெண்ட் பூரா நனையுதுல்லா!" என்று கத்தினேன்.

"என்னக்கா செய்ய? இருக்கது ஒரே தாட்பத்ரி. ஆபீசர் சாப் நனைஞ்சா என் வேலை போயிரும்லா" என்றார் சூப்பர்வைசர். அவரும் என்னைப் போலத் திருநெல்வேலிப் பக்கம்தான்.

அதிகாரி பந்தலுக்குள் நின்றபடியே நனையும் மூட்டைகளைப் போட்டோ எடுத்தார். பிறகு என்னைப் பார்த்து இந்தியில் சொன்னார்: உங்கள் புகார் சரிதான், சிமெண்ட் வீணாகத்தான் போகிறது.

சொல்லிவிட்டு ஓர் அடிகூட நகரவில்லை.

அந்த மூட்டைகள் இனிக் கல்தான். புதிதாக வாங்கப்போவதும் நம் வரிப்பணத்தில்தான்.

அடுத்த புகாரை எழுதிவிட்டேன். விசாரிக்க வருபவர் தயவுசெய்து குடையோடு வரவும் என்று முதல் வரியிலேயே போட்டிருக்கிறேன்.

உங்கள் ஏரியாவுக்கு வரும் சாப்களிடமாவது குடை இருக்கிறதா?