ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லுங்கள்

பழுதான கார்களை இழுத்துச் செல்லும், சிநேகிதியின் டோ ட்ரக் நிறுவனத்துக்கு வெப்சைட் செய்து கொடுத்தவள் நான்தான். கார் பழுதாகி நிற்பவர் அதைத் திறந்ததுமே, அவர் நிற்கும் இடத்தை அனுப்பச் சொல்லிக் கேட்கும். எனக்கோ தலைகால் புரியாத பெருமை. ஆனால் ஒருவருடைய இடமும் வந்து சேரவில்லை. "சனத்துக்கு ஃபோன் பாவிக்கத் தெரியேல்லை" என்று சொல்லித் திரிந்தேன்.

ஒரு பனிநாளில், வெக்ஸ்போர்ட் பகுதியில் கார் நின்றுபோன பெண்ணொருவர் அழைத்தார்; ஃபோனை எடுத்தது நான். வெப்சைட் இடத்தைக் கேட்டதும், மறுக்கும் 'பிளாக்' பொத்தானை அமத்திவிட்டாராம்.

"ஏனக்கா பிளாக் எண்டதை அமத்தினீங்கள்?" என்று எரிந்து விழுந்தேன்.

"திறந்த உடன எங்க நிக்கிறாய் எண்டு கேக்குது. ஆர் கேக்கினம், ஏன் கேக்கினம், ஒண்டும் தெரியாது. ஊரில சண்டை நேரம் மறிச்சு அப்பிடிக் கேட்டவைக்கு நாங்கள் உண்மை சொன்னனாங்களே, தங்கச்சி?"

சோதனையெல்லாம் அலுவலகக் கணினியில்தான் செய்திருந்தேன். சொந்த ஃபோனில், எந்த வெப்சைட் கேட்டாலும் நானும் பிளாக்தான்!

அவருக்கு ட்ரக்கை அனுப்பிவிட்டு, அன்றே அந்தக் கேள்வியைத் தூக்கினேன். அதற்குப் பதிலாக, விரும்பியவர் அமத்தி இடத்தை அனுப்ப ஒரு பொத்தான், மேலே ஒரு வரி: "ட்ரக் அனுப்ப மட்டும்தான் உங்கள் இடம் தேவை. வேலை முடிந்ததும் அழித்துவிடுவோம்."

அடுத்த பனிக்கு நிறுவனத்தின் வரைபடத்தில், ஒருவர் நிற்கும் இடத்தைக் காட்டி ஒரு நீலப்புள்ளி விழுந்தது. பிறகு இன்னொன்று. மூன்றாவதற்குக் கதிரையை விட்டு எழும்பிக் கத்தியே விட்டேன்.

அன்றைக்கு வீடு போகுமுன், என் ஃபோனில் அந்தப் பொத்தானை அமத்தினேன். நான்காவது புள்ளி நான்.