பீஸே வைக்காமல் எரிந்த பச்சை விளக்கு

போன செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு முத்துராஜ் போன் செய்தார்.

"மேடம், கம்ப்யூட்டரு ராத்திரி தானா அப்டேட் ஆயிட்டு. கேஜ் செத்துப் போச்சு. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு! மாதம் தவறாமல் இந்த வாக்கியத்தைக் கேட்கிறேன். குரல் மட்டும்தான் மாறும். ஒருவருக்கு பிரிண்டர், ஒருவருக்கு விரல்ரேகை மெஷின், இன்னொருவருக்கு பார்கோடு ஸ்கேனர். யூ.எஸ்.பி. ஒயரில் தொங்கும் எதுவும் அப்டேட் வந்த மறுநாள் உயிரோடு இருக்குமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

யார் கேட்டார்கள் இந்த அப்டேட்டை? 'இப்போது ரீஸ்டார்ட் செய்யவா, பிறகு செய்யவா' என்று கேட்கிறான் அதை அனுப்புகிறவன். 'வேண்டவே வேண்டாம்' என்று ஒரு பட்டன் வைத்தால் என்ன குறைந்துவிடும்? நம் வீட்டுக்குள் நுழைந்து நாற்காலியை இடம் மாற்றிப் போட்டுவிட்டு, 'உங்கள் நன்மைக்காக' என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போகிறவனை என்ன செய்வோம்? இவனுக்கு மட்டும் 'ஓகே' அழுத்துகிறோம்.

சரி, திட்டினது போதும். இந்த வாரம் திட்டப்பட வேண்டியவள் நான்தான்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: நான் படப்பையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரகடத்தைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன கம்பெனிகள் பலவற்றுக்கு நான்தான் மெக்கானிக், கம்பவுண்டர், பூசாரி எல்லாம்.

முத்துராஜ் அப்படியொரு கம்பெனியில் சூப்பர்வைசர். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். கம்பெனி இருப்பது பிள்ளைப்பாக்கத்தில். டூவீலர் பிரேக்குக்குள் போகும் ஒரு பின்னைக் கடைந்து பெரிய கம்பெனிக்கு அனுப்புகிறார்கள். விரல் நீளம்தான் இருக்கும். ஆனால் அதன் தடிமன் தலைமுடி அளவுகூட மாறக் கூடாது. தடித்தால் பிரேக் இறுகிக்கொள்ளும். மெலிந்தால் ஆடி ஆடி, ஒரு நாள் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காது.

அந்தத் தடிமனை அளக்கிற கருவிதான் கேஜ். பின்னை (லைனில் 'பீஸ்' என்பார்கள்) அதன் மேல் வைத்து, காலால் ஒரு பெடலை அழுத்தினால் கம்ப்யூட்டர் திரையில் அளவு வரும். சரியாக இருந்தால் பச்சை. தவறாக இருந்தால் சிவப்பு, கூடவே பஸ்ஸர் அலறும்.

நான் போய்ச் சேர்ந்தபோது அளக்கிற டேபிளில் ஜெசிந்தா சும்மா உட்கார்ந்திருந்தாள். பென்னலூர்க்காரி. அங்கே நாலு வருஷமாக கான்ட்ராக்ட்டில் இருக்கிறாள். பின் அடுக்கும் ஒவ்வொரு டிரேவுக்கும் ஒரு கார்டு உண்டு. அதில் 'அளந்தேன், சரி' என்று கையெழுத்துப் போடுவது அவள்தான். வெளியே டெம்போ வந்து நின்றுவிட்டது.

"வண்டி நிக்கு மேடம். சீக்கிரம் பாருங்க," என்றார் முத்துராஜ்.

"இன்னா சார், அக்கா இப்பத்தான் வர்றாங்க. ஒரு வாய் தண்ணியாவது குடிக்க வுடுங்க," என்றாள் ஜெசிந்தா.

"தண்ணி நான் தாரேன். நீ ஓ.டி. கேக்காம இருந்தா சரி."

பெடல் வேலை செய்தது. கேஜ்தான் இல்லை. ஒயரைப் பிடுங்கி மாட்டினேன். வேறு ஓட்டையில் மாட்டினேன். வேறு ஒயர் போட்டேன். டிவைஸ் பட்டியலில் கேஜ் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். பழைய டிரைவரை அழித்தேன், ரீஸ்டார்ட் செய்தேன், என் லேப்டாப்பில் இருந்து புது டிரைவரை ஏற்றினேன். மஞ்சள் முக்கோணம் போனது. அளக்கிற சாஃப்ட்வேரைத் திறந்தேன். ஜெசிந்தா ஒரு பின்னை வைத்துப் பெடலை அழுத்தினாள்.

திரையில் அளவு வந்தது. பச்சை.

இன்னொன்று. பச்சை. இன்னொன்று. அளவு கடைசி இலக்கத்தில் கொஞ்சம் மாறியது... பச்சை.

"ஆயிட்டு!" என்று முத்துராஜ் கையைத் தட்டினார். நான் சர்வீஸ் சீட்டில் 'சரி செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த டேபிளில் ஒரு சின்னப் பெட்டிக்குள் சிவப்பு பெயிண்ட் அடித்த பின் ஒன்று உண்டு. வேண்டுமென்றே அளவு தப்பாகச் செய்த பின். ஷிஃப்ட் தொடங்கும்போதும், கேஜில் யாராவது கை வைத்த பிறகும், முதலில் அதை வைத்துப் பார்க்க வேண்டும். சிவப்பு எரிந்து பஸ்ஸர் அலறினால்தான் வேலையைத் தொடங்கலாம். இந்தப் பக்கம் எந்த லைனில் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்தப் பெட்டி என் கண்ணெதிரில் இருந்தது. யாரும் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. பச்சை எரிந்துவிட்டதே!

ஒரகடம் கூட்ரோட்டில் ஒரு கடையில் ஒயர் வாங்கிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டரைக்கு என் போன் அடித்தது. ஜெசிந்தா. உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் லாக்கரில் இருந்து எடுத்துப் பேசினாள். குரல் தணிந்திருந்தது.

"அக்கா, தப்பா நென்ச்சிக்காதீங்க. சாப்புடப் போறதுக்கு முன்னாடி கேஜைத் தொடச்சிகினு இருந்தேன். கால் தெரியாம பெடல்ல பட்டுடுச்சி."

"பட்டா என்ன?"

"கேஜ்ல பீஸே இல்லக்கா. பச்ச எரியுது."

எனக்குப் புரிய இரண்டு வினாடி ஆனது. கேஜ் எதையுமே அளக்கவில்லை.

"முத்துராஜ்கிட்ட சொன்னியா?"

"பயமா கீதுக்கா. காலையிலர்ந்து பத்து டிரே போட்டுட்டேன். எல்லாத்துலயும் என் கையெழுத்து. வண்டில ஏத்திட்டாங்க. என் வூட்டுக்காரரு ஓட்ற பைக்குலயும் இந்தப் பின்னுதான்க்கா."

"டெம்போ கிளம்பாம பாத்துக்கோ" என்று கத்திவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

அந்த ரோட்டில் பகலில் போயிருக்கிறீர்களா? கன்டெய்னர் லாரிக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் நடுவில்தான் எல்லா டூவீலரும் ஓடுகிறது. ஐ.டி. கார்டு காற்றில் பறக்க, பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு, ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று விரட்டிக்கொண்டு போகும் பிள்ளைகள். எத்தனையோ முறை அவர்களைத் திட்டியிருக்கிறேன். அன்று திட்ட வாய் வரவில்லை. ஒவ்வொருவனும் பிரேக் பிடிக்கும் காலையே பார்த்துக்கொண்டு போனேன். என் முன்னால் ஒரு லாரி நின்றது. நானும் பிரேக்கை அழுத்தினேன். பிடித்தது. இதை அளந்தது யார் என்று ஒரு நினைப்பு வந்தது.

கம்பெனி கேட்டில் டெம்போவின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா வாட்ச்மேனிடம் ஏதோ சொல்லிக் கேட்டை மூட வைத்திருந்தாள். அந்த மூடிய கேட்டுக்கு வெளியே, வண்டிக்குக் குறுக்கே ஸ்கூட்டரை நிறுத்தினேன்.

டிரைவர் ஏழுமலை தலையை நீட்டினார். "இன்னாம்மா, இன்னாத்துக்குக் குறுக்கால நிறுத்திகினு கீற? நகத்து. பெரிய கம்பெனி கேட்டுல டைம் தாண்டிச்சின்னா சாயங்காலம் வரைக்கும் நிக்க வெச்சிடுவான்."

"ஏழுமலை, நீங்க ஏத்தியிருக்கறது பிரேக் பின். அளக்காத பின்."

"அளக்காததா? கார்டுல கையெழுத்து கீதே."

"அளந்த மாதிரி மெஷின் நடிச்சிருக்கு."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இன்ஜினை அணைத்தார். சாவியை உருவிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "நான் எடுக்கமாட்டேன். கம்பெனி மொதலாளியே வந்து சொன்னாலும் எடுக்கமாட்டேன். போய்ப் பாரு."

உள்ளே முத்துராஜ் சிவந்த முகத்தோடு நின்றார். ஜெசிந்தா அதற்குள் அவரிடம் சொல்லிவிட்டிருந்தாள்.

"மேடம், இவ எதையாவது ஒளறுதா. நீங்கதான சரி பண்ணுனீங்க?"

காலிக் கேஜ். பெடலை அழுத்தினேன். பச்சை. சிவப்புப் பின்னை எடுத்து வைத்தேன். அழுத்தினேன்.

பச்சை.

முத்துராஜ் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

திரையின் வலது மூலையில், எறும்பு அளவு எழுத்தில் ஒரு வார்த்தை இருந்தது: டெமோ. அந்த சாஃப்ட்வேர் திறந்ததும் கேஜைத் தேடியிருக்கிறது. நான் ஒயரை வேறு ஓட்டையில் மாட்டியிருந்ததால் பழைய இடத்தில் கேஜ் இல்லை. 'கேஜ் இல்லை' என்று சொல்லி நின்றிருக்க வேண்டியதுதானே? நிற்கவில்லை. வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருந்த விளையாட்டு முறைக்குப் போய், தானாகவே எண்களைக் கற்பனை செய்து, அழகாகக் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றி மாற்றி, எல்லாவற்றுக்கும் பச்சை காட்டியிருக்கிறது. இதை எழுதியவன் என் கையில் கிடைத்தால் அவன் வண்டி பிரேக்கைக் கழற்றிவிட்டு இந்த ரோட்டில் ஓட்டச் சொல்வேன்.

ஆனால் அவனைத் திட்டி என் பங்கைக் குறைத்துக்கொள்ள முடியாது. நான் என்ன செய்தேன்? பச்சை வந்ததும் கிளம்பினேன். ஒரு பொருள் 'ஆமாம்' சொன்னால் வேலை செய்கிறது என்று நினைக்கிறோம். 'இல்லை' சொல்லத் தெரிகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. உங்கள் கடையில் அப்டேட்டுக்குப் பிறகு விரல்ரேகை மெஷின் உயிர் பெற்றதா? சந்தோஷம். உங்கள் பெயரைத் தட்டிவிட்டு வேறு ஒருவர் விரலை வையுங்கள். தராசு சரியாகிவிட்டதா? தெரிந்த எடையை வைப்பதோடு நிறுத்தாதீர்கள். ஒன்றும் வைக்காமல் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அது மறுக்கிறதைப் பார்த்த பிறகு நம்புங்கள்.

செட்டிங்கில் கேஜின் புது இடத்தைக் காட்டிவிட ஐந்து நிமிடம்தான் ஆனது. சிவப்புப் பின்னை வைத்தேன். பஸ்ஸர் அலறியது. அவ்வளவு அசிங்கமான சத்தத்தை இவ்வளவு ஆசையாக நான் கேட்டதே இல்லை.

பத்து டிரேவையும் இறக்கினார்கள். ஜெசிந்தா ஒவ்வொரு கார்டாக எடுத்துத் தன் கையெழுத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். பிறகு முதலில் இருந்து அளந்தாள். முதல் டிரே முழுக்கப் பச்சை. இரண்டாவதும். நான்காவதில் பஸ்ஸர் அலறியது. ஆறாவதில் இரண்டு முறை.

மூன்று பின்கள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். மற்றதைப் போலவே பளபளவென்று இருந்தன. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மூன்று பின் என்றால் மூன்று வண்டி. மூன்று வீடு.

பெரிய கம்பெனிக்குப் போன் செய்து தாமதத்தைச் சொல்ல முத்துராஜ் தயங்கினார். நானே வாங்கிப் பேசினேன். சர்வீஸ் சீட்டிலும் 'சரி செய்யப்படவில்லை, தவறு என்னுடையது' என்று எழுதிக் கொடுத்தேன். கான்ட்ராக்ட்காரி தலையில் இது விழக் கூடாது.

கிளம்ப எழுந்தபோதுதான் அந்த நினைப்பு வந்தது. எழுந்தவள் உட்கார்ந்துவிட்டேன்.

போன மாதமும் அப்டேட் வந்தது. போன மாதமும் இதே கேஜ் செத்தது. போன மாதமும் நான்தான் வந்து 'சரி' செய்தேன். அப்போதும் பச்சையைப் பார்த்துவிட்டுத்தான் போயிருப்பேனா? ஒரு மாதப் பின்கள். அவை டெம்போவில் இல்லை. ரோட்டில் இருக்கின்றன.

கம்ப்யூட்டரில் போன மாத அளவுப் பதிவைத் திறந்தேன். நான் வந்துபோன அன்றைய தேதிக்கு இறங்கினேன். ரிப்பேர் முடிந்த நேரத்துக்கு நேரே, முதல் வரி...

சிவப்பு. ரிஜெக்ட்.

யாரோ அன்று சிவப்புப் பின்னை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கேஜ் மறுத்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் வேலை நடந்திருக்கிறது. எனக்கு மூச்சு திரும்பி வந்தது.

"யாரு போட்டது இது?"

"நான்தான்க்கா," என்றாள் ஜெசிந்தா.

முத்துராஜ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு நான் உன்ன ஏசுனேன்லா? வண்டி நிக்குற நேரத்துல சிவப்பு பீஸ வச்சு என்ன வெளையாட்டுன்னு."

எனக்கும் ஞாபகம் வந்தது. நான் பையை மூடிக்கொண்டே, அவர் ஏசினதற்குச் சிரித்திருந்தேன்.

"ஆமா சார்," என்றாள் ஜெசிந்தா, அடுத்த பின்னைக் கேஜில் வைத்தபடி. "அதான் இன்னிக்குப் போடல."

அந்த டேபிளில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த ஒரே ஒரு ஆளை, போன மாதமே நாங்கள் இரண்டு பேரும் பழுதாக்கி வைத்திருந்தோம்.